பட்டாளத்தார் பெயர்களைத் தேடி

மார்க்கையன்கோட்டை வயல்களில் முதல் போக நாற்று நடும் நாட்களில் வாய்க்கால் நிறைய வந்து பாய்கின்ற தண்ணீர், 1887 முதல் 1895 வரை மலைக்கு அப்பால் காட்டுக் காய்ச்சலுக்கும் காட்டாற்று வெள்ளத்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான ஜனங்கள் பட்ட பாட்டின் பலன் என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் அறியாதார் இல்லை. பெரியாற்று அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுயிக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டும், அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைத்தும், 2013-ல் லோயர்கேம்பில் எழுந்த மணிமண்டபத்தில் மாலை சாத்தியும் இப்பள்ளத்தாக்கினர் செலுத்துகின்ற நன்றி மெய்யான நன்றியே. ஆனால் அந்தக் கர்னலின் கீழ் வேலை செய்த சென்னைப் பயனீர் பட்டாளத்துச் சிப்பாய்களில் ஒருவருடைய பெயரையேனும் நாம் சொல்ல முடியுமா? நோயினால் மாண்டு அணையருகே அடக்கமானவர்கள் 483 பேர் என்ற கணக்கு நிலைத்துவிட்டது; அவர்களுடைய பெயர்கள் நம் நாவில் நிலைக்கவில்லை.

பென்னிகுயிக்கின் குடும்பத்தைப் பாருங்கள். அவருடைய தந்தையும் தமையனும் சிலியன்வாலாப் போரில் 1849 ஜனவரி 13 அன்று ஒரே நாளில் உயிர் துறந்த செய்தி நாள் தவறாமல் பதிவாகியிருக்கிறது. அதே நூற்றாண்டில் பர்மாவுக்குக் கப்பலேறிய சென்னைப் படைச் சிப்பாய்களோ, லெப்டினன்ட் கர்னல் வில்சன் 1882 முதல் பாகம் பாகமாக வெளியிட்ட சென்னைப் படைச் சரித்திரத்தில், பெரும்பாலும் இத்தனை பேர் மாண்டார், இத்தனை பேர் காயமுற்றார் என்ற இலக்கங்களாகவே நிற்கிறார்கள். கடிதமும் நாட்குறிப்பும் எழுதி வைக்கும் வசதி துரைமார்களுக்கு இருந்தது; சிப்பாயின் சரித்திரமோ அவன் வீட்டுத் திண்ணையில் பேசப்பட்டு, பேசியவரோடு மறைந்தது. பயனீர் பட்டாளமும் 1933-ல் கலைக்கப்பட்டுவிட்டது.

பின்னர் 1914 முதல் 1918 வரை நடந்த மகாயுத்தத்துக்காக நம் நாட்டுக் கிராமங்களில் பதித்த கல்வெட்டுகளிலும், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்ற தொகையே காணப்படுகிறது. இதனைப் படிக்கும்போது என் மனம் புலிமான்கோம்பைக்குப் போகிறது. இதே தேனி ஜில்லாவில், வைகைக் கரையிலுள்ள அந்தச் சிற்றூரில், 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று அறிஞர் கூறுகின்றனர். அவற்றுள் ஒன்றில், கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில் பட்ட அந்தவன் என்பவனுடைய பெயர் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. மாடு கவரும் பூசலில் மாண்டவனுக்குப் பெயரும் இடமும் காரணமும் பொறித்து வைத்த மண்ணிலே, கடல் கடந்து போரிட்டவனுக்கு அவை கிட்டாமற்போனது எனக்குப் பெருந்துயரமாகவே படுகிறது.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மத்திய அரசின் தரப்பில் போரிட்ட வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உரிய உபகாரச் சம்பளக் கட்டுகள் வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் இருப்பதால், அங்கே பல ஜில்லாக்களில் ஆர்வலர்கள் தம் ஊர் வீரரின் வரலாற்றைத் தொகுக்கின்றனர். நமக்கோ எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் தஸ்தாவேஜுகளிலும் தேட வேண்டும். தேடுமுன், வீரரின் பட்டாளம் இன்னதென்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடிய சாட்சி ஊரில், 'பட்டாளத்தார் வீடு' என்று பெயர் பெற்ற ஏதேனும் ஒரு வீட்டுத் தகரப் பெட்டியில் கிடக்கலாம்: விடுதலைப் பத்திரம், உபகாரச் சம்பளப் புத்தகம், மங்கிய புகைப்படம், பதக்கம்.

அத்தகைய காகிதத்தை லாமினேஷன் செய்யலாகாது. இரு புறமும் படம் எடுத்து, அமிலமில்லாத உறையில் நிழலில் வைக்க வேண்டும். பெட்டிக்குரிய பாட்டி சொல்லும் கதையைச் சொன்னபடியே ஒலிப்பதிவு செய்து, சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்தெழுத வேண்டும். பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்குகின்ற வழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அக்காலத்துப் போர்ப் பதக்கங்கள் பலவற்றில் வீரனுடைய இலக்கமும் பதவியும் பெயரும் பட்டாளமும் பொறிக்கப்பட்டிருப்பது, முதலில் தேய்ந்துபோகிற அந்த விளிம்பிலேதான்.