உறைக்குள் ஒரு குளம்

இன்றைய தி.நகர், 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்த ஊர். அங்கேயும் மயிலாப்பூர், அடையாறு பக்கமும் வாசலில் இரண்டு கஜம் இடம் இருந்தால் போதும், சொந்தமாக ஒரு குளம் வைத்துக்கொள்ளலாம். கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை ஒன்றை வாங்கி, அடியைப் பூசி அடைத்தால் குளம் தயார். மூன்றடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் இருந்தால் ஏறக்குறைய 300 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 300 கிலோ; மாடியில் வைப்பதென்றால் முதலில் பொறியாளரைக் கேட்க வேண்டும்.

ஒரு மண்தொட்டியில் களிமண் நிரப்பி, அல்லிக்கிழங்கை நட்டு, மேலே ஆற்று மணல் தூவி நீருக்குள் இறக்குங்கள். தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் பட்டால் பூக்கும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் கப்பி மீன் நாலைந்து விட்டால் கொசுப்புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். பத்து நாளுக்குள் புழு கொசுவாகிவிடும். மீனில்லாத குளம் தெருவுக்கே ஆபத்து.

மீனின் கழிவு அம்மோனியா. அது மீனுக்கே விஷம். உறையின் சுவரிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் அல்லிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரம் ஆகும் என்பதால் மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விட வேண்டும். வழவழப்பு பிடிக்கவில்லை என்று உறையைத் தேய்த்துக் கழுவுகிறவர், இந்தக் கூட்டத்தையே சாக்கடையில் கொட்டுகிறார். பிறகு மீன் செத்து மிதக்கலாம்.

கத்திரி வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறும். அதனால் வாரம் ஒருமுறை நாலைந்து வாளி மொண்டு செடிகளுக்கு ஊற்றுங்கள். குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்த தண்ணீரால் ஈடுசெய்யுங்கள். அழுகிய இலையைக் கிள்ளிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன், மிகுந்த நீர் வழிந்தோட உறையில் விட்ட துளைக்கு வலை கட்டுங்கள். அயல்நாட்டு மீனான கப்பி ஏரி, ஆற்றுக்குப் போகக் கூடாது.

முதல் மாதம் நீர் பச்சையாகும், பாசிதான். இறைத்துக் கொட்டாதீர்கள். அல்லி இலை நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் வெயில் கிடைக்காமல் பாசி அடங்கும். அதற்குள் தட்டான்கள் முட்டையிட வந்திருக்கும். அவற்றின் குஞ்சுகளும் கொசுப்புழு தின்பவைதான். பத்து மீன்குஞ்சு பிறந்தால் ஒன்றிரண்டை அவையும் பிடித்துத் தின்னும். அதை விட்டுவிடுங்கள், கப்பி எப்படியும் பெருகிக்கொண்டேதான் இருக்கும்.