பரணில் கிடக்கும் ராட்டை

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நாற்பதைத் தாண்டிய ஒருவர் வீணை பயிலவோ வேற்றுப் பாஷை படிக்கவோ ஆசைப்பட்டால், இந்தப் பழமொழியே முதல் தடையாக வந்து நிற்கிறது.

காந்தியடிகள் 1909-ல் ‘இந்திய சுயராஜ்யம்’ எழுதிய காலத்தில் தாம் ராட்டையைக் கண்ணால் கண்டதாகவே நினைவில்லை என்று ‘சத்திய சோதனை’யில் கூறுகிறார். 1917-ல் பரோச் நகரில் அவர் சந்தித்த கங்காபென் என்ற அம்மையார், பல இடங்களில் தேடி அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டையைக் கண்டுபிடித்தார். அங்கே பல வீடுகளில் ராட்டைகள் பரணில் கிடந்தன. பஞ்சுப் பட்டை கொடுத்து, நூலையும் வாங்கிக்கொள்வதானால் நூற்கத் தயார் என்றார்கள் அவ்வூரார்.

பாரிஸ்டர் பட்டம் பெற்றவர், ஐம்பதை நெருங்கும் பிராயத்தில் ராட்டை முன் மாணவராக அமர்ந்தார். வலக்கை சக்கரத்தைச் சுழற்ற, இடக்கை பட்டையைச் சீராக இழுக்க வேண்டும். இழுப்பு மிஞ்சினால் இழை அறும். முறுக்கு மிஞ்சினால் சுருண்டுகொள்ளும். படித்த படிப்பு எதுவும் இதற்குத் துணை வராது. பொறுமை ஒன்றே துணை. 1931-ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டிற்குச் சென்றபோதும் அவர் நூற்பதை நிறுத்தவில்லை.

1924-ல் பெல்காம் காங்கிரஸ், அங்கத்தினர் மாதம் 2,000 கஜம் நூல் தரவேண்டும் என்று விதித்தது. தலை நரைத்த வக்கீல்களும் தக்ளி பிடிக்கப் பழகினார்கள். ஆனால் பிறர் நூற்ற நூலைக் கொடுத்தும் கடனைக் கழிக்க அதில் இடமிருந்தது.

இந்த இரண்டு வழிகளும் நம் முன்னேயும் இருக்கின்றன. தெரியாத காரியம் வந்தால் மகனைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்கிறோம். “எனக்குச் சொல்லிக்கொடு, அப்பா” என்று கேட்கக் கூசுகிறோம். வளைய மறுப்பது விரலன்று, கௌரவமே. அந்தக் கூச்சத்தில் நாம் இழப்பது ஒரு வித்தையை மட்டுமன்று. கேட்டறிவது இழிவு என்ற பாடத்தையும் குழந்தைகளுக்குச் சொல்லாமலே சொல்லிவிடுகிறோம்.

சிறுவன் பரீட்சைக்காகப் படிக்கிறான். நடுவயதினர் எதற்காகப் படிக்கிறோம் என்பதை அறிந்தே படிக்கலாம். அது சிறிய அனுகூலமன்று. தினம் அரைமணி நேரம் ஒதுக்குவோம். இழை அறுந்தால் முடிந்துகொண்டு மேலே நூற்போம். கற்பிப்பவர் நம் வீட்டுப் பெண்ணாகவே இருந்தால் இன்னும் நல்லது.