பிள்ளை சொல்லும் சுகாதாரக் கதையும் பெற்றோரின் கடமையும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 6ஆம், 7ஆம், 8ஆம் வகுப்புகளிற் கற்கும் எமது பிள்ளைகள், சுகாதாரப் பாடத்திற்காகப் புதுவகையான வீட்டுவேலை ஒன்றைக் கொண்டுவருவதுண்டு. உணவு, உறக்கம், மன அழுத்தம், புகைத்தல் போன்ற ஏதேனும் ஒரு விடயம் பற்றி இரண்டு அல்லது மூன்று நிமிடக் கதையொன்றை எழுதி, அதனைச் சொந்தக் குரலிற் பதிவுசெய்து, படங்களோடு இணைத்துக் காணொளியாக ஒப்படைக்க வேண்டும் என்பதே அவ்வேலை. இதனை 'டிஜிட்டல் கதைசொல்லல்' என்கின்றனர். பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் படம்பிடித்துத் திரிகிறதே என்று சலித்துக்கொள்ளும் பெற்றோரும் உளர். கணினியில் ஏதோ செய்கிறது, எமக்கென்ன விளங்கப்போகிறது என்று விலகி நிற்போரும் உளர். இரண்டுமே பொருத்தமான நிலைப்பாடுகள் அல்ல.

இம்முறை வந்த வழி

1990களின் முற்பகுதியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோப் பகுதியில் ஜோ லாம்பேர்ட், டேனா அட்ச்லி முதலிய கலைஞர்கள், சாதாரண மக்கள் தம் வாழ்வின் ஒரு சிறு பகுதியைத் தாமே கணினியின் துணையுடன் சொல்லப் பழக்கும் பட்டறைகளை நடத்தத் தொடங்கினர். 2001ஆம் ஆண்டு முதல் 2008 வரை பிபிசி நிறுவனம் வேல்ஸ் நாட்டில் இத்தகைய கதைகளை ஊரூராகச் சென்று சேகரித்தது. 2003இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'பேஷன்ட் வொய்சஸ்' என்னும் முயற்சி, நோயாளர்களும் தாதியரும் தம் அனுபவத்தைச் சொல்ல வழிசெய்தது. சுகாதாரத்துறைக்கும் இம்முறைக்கும் உள்ள உறவு இவ்வாறு வளர்ந்ததே. பின்னர் அது பாடசாலைகளுக்கும் பரவியது.

வகுப்பறையில் நடப்பது என்ன?

முதலில் மாணவர் சிறு வட்டமாக அமர்ந்து தத்தம் கதையை வாயாற் சொல்வர். ஏனையோர் கேட்டுக் கருத்துரைப்பர். அதன்பின் ஏறத்தாழ இருநூறு, இருநூற்றைம்பது சொற்களுக்குள் அதனை எழுதுவர். எழுதியதை வாசித்து ஒலிப்பதிவு செய்து, தாம் எடுத்த அல்லது வரைந்த படங்களை அக்குரலுக்கேற்ப ஒழுங்குபடுத்துவர். ஈற்றில் வகுப்பார் கூடிப் பார்ப்பர். இங்கு கருவி இரண்டாம்பட்சமே. எழுத்தும் குரலுமே முதன்மையானவை. வண்ண எழுத்துகளிலும் பின்னணி இசையிலும் மூன்று மணி நேரத்தைச் செலவிட்டுவிட்டு எழுத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்கும் பிள்ளை, பாடத்தைத் தவறவிட்டுவிட்டது என்றே கொள்ளவேண்டும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கிய கதைக்கும் இதுவே பொருந்தும்.

சுகாதாரப் பாடத்திற்கு ஏன் பொருந்துகிறது?

ஊரில் நாம் கற்பித்த காலத்திற் சமிபாட்டுத் தொகுதியைக் கரும்பலகையில் வரைந்தோம். மாணவர் அதனைக் கொப்பியில் வரைந்து உறுப்புகளைப் பெயரிட்டனர். அந்த அறிவு இன்றும் வேண்டியதே. ஆயினும் இரைப்பையைச் சரியாக வரைந்த மாணவன் தன் உணவைச் சரியாகத் தெரிந்தெடுப்பான் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒன்ராறியோவில் 2019இல் வெளியான சுகாதார, உடற்கல்விப் பாடத்திட்டம் உணவு, பாதுகாப்பு, போதைப்பொருள், பாலியற் கல்வி, மனநலம் ஆகியவற்றை உள்ளடக்குகிறது. இவை யாவும் மனனம் செய்வதற்கன்றி, முடிவெடுப்பதற்கான பாடங்கள்.

ஓர் உதாரணம் கூறலாம். கனடாவின் 2019ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி, தட்டின் அரைப்பங்கு மரக்கறியும் பழமும், காற்பங்கு புரதமும், காற்பங்கு முழுத்தானியமும் இருக்கவேண்டும் என்கிறது. ஒரு சிறுமி ஏழு நாட்கள் தன் வீட்டு இராச்சாப்பாட்டைப் படம்பிடிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைச் சோற்றுக் குவியலுக்கு அருகில் ஒரு கரண்டி கறி இருப்பதை அவளே காண்கிறாள். தெற்காசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே, பருமன் அதிகமில்லாதபோதும் வரக்கூடும் என்பதை வாசித்தறிகிறாள். அம்மம்மாவிடம் கேட்கும்போது குரக்கனும் சிவப்பரிசியும் கீரையும் பயறும் உண்ட காலம் பற்றித் தெரியவருகிறது. எவரும் அவளுக்குப் புத்திமதி சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள்.

மற்றொரு மாணவன் தான் உறங்கும் நேரத்தைக் குறித்துவைக்கலாம். 5 முதல் 13 வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 11 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், பொழுதுபோக்குக்காகத் திரைமுன் இருப்பது 2 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் 2016இல் வெளியான கனடிய வழிகாட்டல் கூறுகிறது. தன் கணக்கைத் தன் குரலிலேயே வாசிக்கும்போது அவனுக்கு உண்மை உறைக்கும்.

தாய்மொழிக்கும் இதில் இடமுண்டு. கணையம், சிறுநீரகம், குருதி அமுக்கம் ஆகிய சொற்களைப் பெற்றோர் சொல்லிக்கொடுக்கலாம். அவற்றின் ஆங்கிலப் பெயர்களைப் பிள்ளை பெற்றோருக்குச் சொல்லலாம்.

இது யாருடைய கதை?

அகதிக் குடும்பங்கள் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. பிள்ளையின் கதை பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. அதற்குள் தாயும் தந்தையும் பேரனும் பேர்த்தியும் இருக்கிறார்கள். "அப்பா ஏன் இரவில் அலறி எழும்புகிறார்?" என்பது மனநலப் பாடத்துக்குப் பொருத்தமான கதைதான். ஆனால் அது தந்தையின் கதையுமாகும். சிறையில் அவருக்கு நேர்ந்ததை முப்பது பிள்ளைகள் பார்க்கும் திரையில் அவர் காண விரும்புவாரா? கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணைகள் பொதுமக்கள் முன்னிலையில் நடப்பதில்லை; அந்த அந்தரங்கத்துக்குத் தக்க காரணமுண்டு. ஊரில் இன்னும் உறவினர் இருக்கின்றனர். விசாரணை மண்டபத்தில் காக்கப்படும் செய்தி, ஒரு வீட்டுவேலை மூலம் இணையத்தில் உலாவலாகாது.

சிறிய விடயங்களும் உள. அம்மம்மாவின் மருந்துப் போத்தலைப் படம்பிடித்தால் அதிலுள்ள அவரது பெயரும் மருந்தின் பெயரும் படத்திலே தெரியும். சுகாதார அட்டையின் இலக்கம், வீட்டிலக்கம் ஆகியனவும் அவ்வாறே. கைத்தொலைபேசியில் எடுத்த படத்துடன் எடுத்த இடத்தின் விபரமும் சேர்ந்து பதிவாகக்கூடும்.

எனினும், அந்தரங்கம் வேறு, மூடிமறைத்தல் வேறு. பிள்ளை அடிக்கப்படுவதையோ துன்புறுத்தப்படுவதையோ வெளியே சொல்லக்கூடாது என்று வாயைக் கட்டுவதற்கு எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை. அத்தகைய ஐயம் எழுந்தால் சிறுவர் நல அமைப்புக்கு அறிவிப்பது ஒன்ராறியோவில் ஆசிரியரின் சட்டக்கடமை. அக்கடமை பிள்ளையின் காப்புக்காகவே உள்ளது. அதுபோல, மனம் சோர்ந்திருக்கும் பிள்ளை தன் சோர்வைக் கதையாகச் சொன்னால், குடும்ப மானம் போய்விட்டதாகக் கருதாது, அதனை உதவி கேட்கும் குரலாகக் கொள்ளவேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. கதையை எழுதுமுன் பிள்ளையை அருகில் இருத்தி, வாயாற் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கதையில் வரும் ஒவ்வொருவரிடமும் பிள்ளை அனுமதி கேட்கப் பழக்குங்கள். அம்மம்மா வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

2. ஆசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் பார்ப்பார்கள்? எங்கே சேமிக்கப்படும்? எப்போது அழிக்கப்படும்? ஆங்கிலம் போதாதெனில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

3. முகத்திற்குப் பதிலாகக் கைகள், பாத்திரங்கள், வரைந்த சித்திரங்கள் போதும். கதை குன்றாது.

4. கைத்தொலைபேசி பற்றிய விதியை அறிந்துவைத்திருங்கள். 2024 செப்ரெம்பர் முதல் ஒன்ராறியோப் பாடசாலைகளில் 6ஆம் வகுப்புவரை நாள் முழுதும் அது ஒலியடக்கி, கண்ணிற்படாது வைக்கப்படவேண்டும். 7ஆம் வகுப்பிலிருந்து, ஆசிரியர் அனுமதித்தாலன்றிப் பாடவேளையிற் பயன்படுத்த இயலாது. வீட்டுவேலைக்குத் தொலைபேசி வேண்டும் என்று பிள்ளை கேட்பது இவ்விதிக்கு முரணானதன்று. ஆனால் இரவு முழுவதும் அதனைக் கையில் விட்டுவைக்க அது காரணமுமாகாது.

5. பாலியற் கல்விப் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளைக்கு விலக்குக் கோரும் உரிமை 8ஆம் வகுப்புவரை பெற்றோருக்கு உண்டு. இதனை முழுச் சுகாதாரப் பாடத்துக்குமான விலக்கென்று எண்ணிவிடலாகாது. விலக்குக் கோருமுன், அப்பகுதியிற் கற்பிக்கப்படுவது யாதெனப் பாடத்திட்டத்தை வாசித்தோ கேட்டோ அறிவது நன்று.

இரண்டு வேலை செய்து களைத்து வரும் பெற்றோருக்கு இவையெல்லாம் மேலதிகச் சுமையாகத் தோன்றலாம். ஆனால் கணினி அறிவு எதுவும் இதற்குத் தேவையில்லை. கதை கேட்கவும் கதை சொல்லவும் தெரிந்தாற் போதும். எம் பிள்ளைகள் எம்மிடம் எம் உடலைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் கேள்வி கேட்க இவ்வேலை ஒரு சந்தர்ப்பத்தைத் தருகிறது. பெற்றோர் அதனைக் கைநழுவ விடாதிருப்பார்களாக.