உடையும் வேடமும்

கிளாஸ்கோ நகரத்திலே தொழில் பார்க்கும் என் பழைய மாணாக்கன் ஒருவன் கடிதம் எழுதியிருந்தான். அவனோடு தொழில் செய்யும் நண்பனுக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் தந்தையார் ஒரு கில்ற்றைக் கொண்டுவந்து இவன் கையிற் கொடுத்து, ‘அன்றைக்கு நீயும் இதை உடுத்து எங்களோடு நிற்கவேண்டும்’ என்றாராம். அஃது அவருடைய காலஞ்சென்ற தமையனார் உடுத்தது.

‘ஐயா, அவர் அன்போடு தருகிறார். எனக்கோ மனம் துணியவில்லை. நான் அந்த நாட்டிற் பிறந்தவனல்லன், அவர்கள் குலத்தவனுமல்லன். உடுத்தால் வேடதாரி ஆகிவிடுவேனோ? மறுத்தால் அந்த முதியவர் மனம் நோகுமே!’

இஃது அவன் வினா. வேற்றுமைத் தொகையிலே ஐயம் கேட்டிருந்தால் அன்றைக்கே விடை எழுதியிருப்பேன். இது அப்படிப்பட்டதன்று. சில நூல்களைத் தேடிப் படித்தபின்பே பேனாவைத் தொட்டேன்.

கில்ற் என்பது ஸ்கொட்லாந்து ஆடவர் இடுப்பிலிருந்து முழங்கால்வரை உடுக்கும் கம்பளி ஆடை. கட்டம்போட்ட அந்தத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். செம்மையாகத் தைத்த ஒன்றுக்கு 8 யார் நீளத் துணி செல்லும். கொய்சகம் முழுவதும் பின்புறத்தில்; முன்புறம் மடிப்பின்றித் தட்டையாயிருக்கும். ‘இதென்ன, பாவாடை!’ என்று நம்மவர் சிலர் நகைப்பதுண்டு. வேட்டி உடுப்பவருக்கு அந்த நகைப்பு ஆகாது.

ஆதியிலே அது தைத்த ஆடையன்று. மலைநாட்டார் நீண்ட துணி ஒன்றை மடித்து, இடைவாரினால் இறுக்கி, மிகுதியைத் தோளிலே போட்டுக்கொள்வர். பகலில் உடை, இரவிற் போர்வை. ஸ்கொட்லாந்தின் தாழ்நிலத்தார் பலர் அதை நாகரிகமில்லாதார் கோலம் என்று இகழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டிலே மேற்பாதி நீங்கிற்று. கீழ்ப்பாதி தனி ஆடையாயிற்று. அப்படிப் பிரித்தவர் இங்கிலாந்திலிருந்து இரும்பு உருக்க வந்த ரோலின்சன் என்பவர் என்று 1785இல் அச்சேறிய கடிதம் ஒன்று கூறுகின்றது. ஸ்கொட்லாந்தார் பலர் இதை ஒப்புவதில்லை. அந்த வழக்கு அவர்களுக்குள்ளே இருக்கட்டும்.

1746ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் கல்லோடன் போர்க்களத்தில் ஸ்ருவட் அரசகுலத்தாரின் கட்சி தோற்றது. அக்கட்சிக்குத் துணைநின்ற மலைநாட்டார்மீது அரசாங்கத்தின் சினம் திரும்பிற்று. அவ்வாண்டிலேயே ஆண்மக்கள் மலைநாட்டு உடை உடுத்தலாகாது என்று சட்டம் பிறந்தது. முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழு ஆண்டு கடல் கடத்தல். படையிற் சேர்ந்தவனுக்கு மாத்திரம் விலக்கு. அரசனுக்காக உயிர்விடப் போகிறவன் உடுக்கலாம். தன் வீட்டு முற்றத்தில் நிற்கிறவன் உடுத்தலாகாது!

சட்டம் 1782இல் நீங்கிற்று. இடையிலே 36 ஆண்டுகள் கழிந்தன. தந்தையின் இடுப்பிலே இருந்த உடையை மகன் காணாமலே வளர்ந்துவிட்டான்.

இனித்தான் வேடம் வருகின்றது. 1822ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு எழுந்தருளினார். ஏறக்குறைய 170 ஆண்டுகளாக முடிமன்னர் எவரும் மிதியாத மண் அது. வரவேற்பை ஒழுங்குசெய்தவர் நாவலாசிரியர் சேர் வால்டர் ஸ்கொட். நாவலாசிரியரிடம் ஊரைக் கொடுத்தால் ஊரும் நாவலாகும். எல்லாரும் டார்ட்டன் உடுத்து வரவேண்டும் என்றார். மலைநாட்டு உடையை முன்னே இகழ்ந்த தாழ்நிலத்தார் இப்போது தையற்காரரைத் தேடி ஓடினர். மன்னரும் செந்நிறக் கில்ற் அணிந்து, பருத்த கால்களுக்கு இளஞ்சிவப்புக் காலுறை மாட்டி, சபையிலே தோன்றினார். அந்தக் கோலத்துக்கு வந்த செலவு 1,354 பவுண். கூடவந்த சேர் வில்லியம் கேட்டிஸ், லண்டன் மாநகரின் முன்னாள் மேயர், அவரும் கில்ற்றோடு நின்றார். கண்டோர் நகைத்தனர்.

இந்தக் கோலாகலத்துக்குச் சில ஆண்டுகளின் முன்பேதான் வடக்கே சதர்லாந்துச் சீமையிற் செம்மறிகளுக்கு இடம்வேண்டிக் குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து எழுப்பினர். 1814இல் ஸ்ராத்நேவரிலே அவர்கள் வீடுகள் எரிந்தன. வெளியேற்றம் 1822க்குப் பின்னும் மலைநாட்டிலே பல ஆண்டு தொடர்ந்தது. தலைநகர் உடையை ஏற்றுக்கொண்டது. உடுத்தவன் கப்பலேறிக் கனடாவுக்குப் போனான்.

மன்னர் அயலார் என்பதனால் அதை வேடம் என்கிறேன் அல்லேன். மலைநாட்டு வீடு ஒன்றிலிருந்து எவரும் அதை எடுத்து அவர் கையிற் கொடுக்கவில்லை. கடையிலே கொடுத்தார்கள்.

‘நான் அவர்கள் குலத்தவனல்லன்’ என்றானே, அதற்கும் விடை இருக்கின்றது. இன்ன குலத்துக்கு இன்ன டார்ட்டன் என்னும் வரையறை பெரிதும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. 1842இல் அலன் சகோதரர் இருவர் ஒரு நூல் வெளியிட்டனர். பதினாறாம் நூற்றாண்டுப் பிரதி ஒன்றிலிருந்து எடுத்தது என்றனர். பழைய மூலத்தை வெளிப்படுத்தினாரில்லை. ‘ஏடு வீட்டில் இருக்கிறது, காட்டமாட்டேன்’ என்பாரை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா? தாம் ஸ்ருவட் இளவரசரின் பேரர் என்றுஞ் சொல்லிக்கொண்டனர். நூலும் பொய், பேரர் என்றதும் பொய். ஆயினும் அந்நூலிற் கண்ட கோலங்கள் பலவற்றை இன்றும் குலத்தார் தமதென்று உடுக்கின்றனர். உடுத்து உடுத்து அவை அவர்களுடையனவே ஆயின.

எக்குலத்தாரும் உடுக்கத்தக்க டார்ட்டன்களும் உள. சிங் என்னும் பெயராலும் 1999இல் ஒன்று தோன்றிற்று. 2009 முதல் அரசாங்கமே டார்ட்டன்களுக்குப் பதிவேடு வைத்திருக்கின்றது. கில்ற்றின் உள்ளே உடுப்பதுபற்றி உலகத்தார் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. என் மாணாக்கன் அதைக் கேட்கவில்லை, யானும் எழுதவில்லை.

‘தம்பி, இறந்த தமையனாருடைய உடையை ஒருவர் விளையாட்டுக்காக எடுத்துக் கொடுப்பாரா? உடுத்துக்கொள். உடுக்கும் முறையை அவரிடமே கேள். புத்தகத்தைப் பார்த்து உடுத்தாதே’ என்று பதில் எழுதினேன்.

கலியாணத்துக்குப் பின் மறுகடிதம் வந்தது. அன்று விடியவே அந்த வீட்டுக்குப் போனானாம். காற்சட்டையைப்போல் இடுப்பிலே தாழ்த்திக் கட்டியிருந்தான். முதியவர் அவிழ்த்துக் கொப்பூழ் மட்டத்துக்கு உயர்த்தி, வாரை இறுக்கினார். பின் அவனை முழந்தாளிட்டு நிற்கச் செய்து, தாமும் குனிந்து, விளிம்பு நிலத்திலே புரளவில்லை என்று பார்த்தார். ஊசியை இவன் இரண்டு முன்மடிப்பும் சேரக் குத்தியிருந்தான். ‘அப்படிக் குத்தினால் துணி கிழியும், என் அண்ணனும் முதல்நாள் இப்படித்தான் குத்தினான்’ என்று சொல்லி, அதைக் கழற்றி மேல்மடிப்பிலே மாத்திரம் குத்திவிட்டாராம். அதன்பின் சற்றுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லையாம்.

படம் ஒன்றும் கடிதத்தோடு வந்தது. பதின்மர் வரிசையாய் நிற்கின்றனர். இவன் ஓரத்திலே, முதியவருக்குப் பக்கத்தில் நிற்கிறான். இடக்காலுறை மாத்திரம் சிறிது சரிந்திருக்கின்றது.