இருமை சாராப் பாலினமும் தமிழின் பால்காட்டும் சொற்களும்: திண்டுக்கல் வட்டார வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆண், பெண் என்னும் இரண்டனுள் ஒன்றில் தம்மை முழுமையாக அடக்கிக்கொள்ளாதவர் இருமை சாராப் பாலினத்தவர் ஆவர். அவர்தம் அன்றாட வாழ்வில் தமிழின் பால் பாகுபாடு எங்கே இடந்தருகிறது, எங்கே தடையாகிறது என்பதைத் திண்டுக்கல் நகர், சமவெளி ஊர்களின் வழக்கைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பால், படர்க்கை, பேடு, முறைப்பெயர், திருநர்.

முன்னுரை

இந்தியில் ஒருவர் ‘நான் போகிறேன்’ என்னும்போதே வினைமுற்று அவர்தம் பாலைக் காட்டிவிடும். தமிழில் ‘வந்தேன்’, ‘வந்தாய்’ ஆகியன பால் காட்டா; படர்க்கை வினையே காட்டும். எனவே, தமிழர் ஒருவரின் பாலை வினைமுற்றால் உரைப்பவர் அவரல்லர். அவரைப் பற்றிப் பேசும் பிறரே. இருமை சாராதவரின் சிக்கல் இங்குத் தொடங்குகிறது.

இலக்கண மரபு

தொல்காப்பியக் கிளவியாக்கம், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்க்குத் தனி ஈறு இல்லையென்று கூறி, உயர்திணை ஈறுகளையே அதற்கு உரியவாக்குகிறது. ஆண்பால் ஈற்றை மட்டும் விலக்குகிறது. ‘பேடி வந்தாள்’, ‘பேடர் வந்தார்’ என்பன உரையாசிரியர் காட்டும் வழக்குகள். நன்னூல், பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. அஃறிணைபோலக் கூறவும் இடமளிக்கிறது. ஒரு பாலை விட்டவர் மற்றொரு பாலைச் சேர்வார் என்பதே இம்மரபின் கருத்து. இரண்டிலும் சேராதவர்க்கு எஞ்சுவது அஃறிணை. வளர்ந்த ஒருவரை இன்று ‘அது’ என்பது இழிவாகவே கொள்ளப்படும்.

பேச்சு வழக்கு

எழுத்தில் ‘அவர் வந்தார்’ என்பது இருபாற்கும் பொது. திண்டுக்கல் வட்டாரப் பேச்சிலோ ‘அவரு வந்தாரு’ ஆணையே குறிக்கும். மதிப்பிற்குரிய பெண்ணை ‘அவங்க வந்தாங்க’ என்பர். ‘அவங்க’ பலர்பாலுக்கும் வருதலின், இருமை சாராதவர்க்கு ஓரளவு இசையும் சொல் அதுவே. ஆயினும் அது மரியாதையோடு பிணைந்தது. இருபது வயதுப் பிள்ளையைப் பெற்றோர் ‘அவங்க’ என்று சுட்டுவதில்லை. ‘அவன்’, ‘அவ’ என்னும் இரண்டுள் ஒன்றே வீட்டில் ஒலிக்கும். அயலார் அளிக்கும் பொதுச்சொல் பெற்றோரிடம் கிடைப்பதில்லை.

முறைப்பெயர் இன்னும் இறுக்கமானது. கடைக்காரர்க்கு வாடிக்கையாளர் ‘அண்ணே’ அல்லது ‘அக்கா’. ‘கண்ணு’, ‘தங்கம்’ முதலிய செல்ல விளிகள் பொதுவானவை. ஆனால் அவை சிறியோர்க்கே உரியன. காதணி விழாவில் தாய்மாமன் மடியும், திருமணத்தில் நாத்தனார் முடிச்சும் பால் சார்ந்த கடமைகள். இவ்விரு முறையிலும் தம்மைக் காணாதவர்க்குச் சடங்கில் நிற்க இடமில்லை.

சட்டமும் நடைமுறையும்

உச்ச நீதிமன்றம் 15.04.2014 அன்று வழங்கிய நால்சா தீர்ப்பு, பாலின அடையாளத்தைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றது. திண்டுக்கல் மாவட்டம் உட்பட்ட மதுரைக் கிளை, 22.04.2019 அன்று, இந்துத் திருமணச் சட்டத்தின் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றது. இதுவும் ஒரு பாலிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வோர்க்கே பயன்படும் விளக்கம். 2019ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் வரையறை பால்புதுமையரையும் சேர்த்தது. அடையாளச் சான்று வழங்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் அளித்தது.

சான்று பெற்றாலும் அன்றாடத்தில் கண்பார்வையே முடிவு செய்கிறது. 2021 முதல் தமிழகச் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்கும் திருநங்கையர்க்கும் கட்டணமில்லை. திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டி செல்லும் நகரப் பேருந்தில் ஏறுபவர்க்கு எந்தச் சீட்டைக் கிழிப்பது என்பதை நடத்துநர் தோற்றம் கண்டே நொடியில் தீர்மானிக்க வேண்டியுள்ளது. சீட்டு, பயணி கூறாத பாலைக் கூறிவிடுகிறது.

முடிவுரை

தமிழில் இருமை சாராதவர்க்குப் பொதுச்சொல் இல்லையெனல் பொருந்தாது. தன்மை, முன்னிலை வினைகளும் எழுத்தின் ‘அவர்’, பேச்சின் ‘அவங்க’ ஆகியனவும் உள்ளன. குறை, அச்சொற்கள் வயதுக்கும் தகுதிக்கும் கட்டுப்பட்டிருத்தல். மாணவரைப் பெயரால் அழைத்து, ‘அவங்க’ எனச் சுட்டுவது வகுப்பறையில் இன்றே இயலும். புதுச்சொல் ஆக்குவதினும், உள்ள பொதுச்சொல்லை இளையோர்க்கும் வழங்குவதே உடனடித் தேவையாகும்.