தாயும் சேர வேண்டிய பாடசாலை

நம் நாட்டிலே பிள்ளையை முதலாம் வகுப்பிற் சேர்க்க முயலும் பெற்றோர் படும் பாட்டை வாசகர் நன்கறிவர். காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, 'நாம் இப்பாடசாலைக்கு இவ்வளவு அண்மையிலே குடியிருக்கின்றோம்' என்று நிரூபித்தல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் நட்டநடுவிலே ஓர் அரசினர் பாடசாலை இருக்கின்றது. அங்கே முறை இதற்கு நேர்மாறானது. வேறு பாடசாலை எதற்கும் நாள்தோறும் போய்வர இயலாத தொலைவிலே வசிப்பதே அங்கு சேர்வதற்குரிய முக்கிய தகுதியாகும். ஊரூராகப் பயணஞ் செய்து பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இடமுண்டு.

அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் பட்டினத்திலுள்ள அதனை 'வானலைப் பாடசாலை' என்று தமிழிற் கூறலாம். மாணாக்கர் தொகை நூறும் சொச்சமுமே. ஆனால் அவர்கள் சிதறி வாழும் நிலப்பரப்போ ஏறத்தாழ 13 இலட்சம் சதுர கிலோமீற்றர்; இலங்கையைப் போல இருபது மடங்கு. மாட்டுப் பண்ணைகளிலும், ஆதிக்குடிகளின் சிற்றூர்களிலும், நெடுஞ்சாலை ஓரத்துத் தங்குமனைகளிலும் இப்பிள்ளைகள் வளர்கின்றனர். பக்கத்து வீடு என்றால் மோட்டார் வண்டியில் இரண்டு மணி நேர ஓட்டம் என்று கொள்ளலாம்.

இப்பாடசாலை தோன்றிய வரலாறு சுவையானது. 1928ஆம் ஆண்டிலே பாதிரியார் ஜோன் பிளின் என்பவர், வைத்தியர் இல்லாத உட்பிரதேசங்களுக்கு விமானத்தில் வைத்தியரை அனுப்பும் பணியைத் தொடங்கினார். நோயுற்றவர் வைத்தியரை எவ்வாறு அழைப்பது? மின்சாரமோ தொலைபேசியோ இல்லை. அடிலெயிட் நகரத்துப் பொறியியலாளர் அல்பிரட் டிரேகர், சைக்கிள் மிதிப்பதுபோலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். 1929 முதல் அது பண்ணை வீடுகளிலே இடம்பெறலாயிற்று. பின்னர் அதன் மூலம் பேசவும் வழி பிறந்ததும், வைத்தியரை அழைத்த நேரம் போக எஞ்சிய வேளைகளில் பண்ணைப் பெண்கள் அதன் முன் அமர்ந்து ஊர்க்கதை பேசத் தொடங்கினர். பெண்கள் கூடினால் வம்பு என்று ஏளனஞ் செய்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். அந்தச் சம்பாஷணையிலிருந்துதான் பாடசாலை பிறந்தது!

தென் அவுஸ்திரேலியாவில் வித்தியாதரிசியாக இருந்து இளைப்பாறிய அடிலெயிட் மித்கே என்னும் அம்மையார், உட்பிரதேசத்துப் பிள்ளைகள் அந்நியரைக் கண்டால் கூசி ஒதுங்குவதைக் கண்டு வருந்தினார். தபால் மூலம் பாடங்கள் அவர்களுக்கு வந்துகொண்டிருந்தன. ஆனால் ஆசிரியரின் குரலையோ சகமாணாக்கரின் குரலையோ அவர்கள் கேட்டதில்லை. தாய்மார் பேசும் அதே கருவியிலே பிள்ளைகளும் படித்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1951ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆந் திகதி அலிஸ் ஸ்பிரிங்ஸ் வானலைப் பாடசாலை முறைப்படி திறக்கப்பட்டது.

அக்காலத்துப் பாடம் அரைமணி நேரந்தான். இரைச்சலுக்கிடையே ஆசிரியை பெயர் சொல்லி அழைப்பார். பிள்ளை பொத்தானை அழுத்திப் பேசி, முடிந்ததற்கு அடையாளமாக ஒரு சொல்லைச் சொல்லும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்முறை நிலைத்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேதான் செய்மதியும் இணையமும் வந்து வானொலியை அகற்றின. இப்பொழுது ஆசிரியை தம் கலையகத்திலிருந்து கணினித் திரையிலே தோன்றுகின்றார். பிள்ளையின் முகமும் அவருக்குத் தெரிகின்றது. கணினியையும் வேண்டிய உபகரணங்களையும் பாடசாலையே வீட்டுக்கு வழங்குகின்றது.

இவ்வளவும் செய்யும் பாடசாலை, பிள்ளையைச் சேர்க்க வரும் குடும்பத்திடம் முக்கியமாக ஒன்று கேட்கின்றது. பாடம் நடக்கும் வேளை முழுவதும் பிள்ளையின் அருகிலிருக்க வளர்ந்த ஒருவர் வேண்டும். அவரை 'வீட்டு ஆசிரியர்' என்கின்றனர். திரையிலே ஆசிரியை தோன்றுவது நாளில் சிறிது நேரமே. எஞ்சிய நேரத்தில் அனுப்பப்பட்ட பாடத்தை விளக்குவதும், எழுதுவிப்பதும், செய்து முடித்ததைத் திருப்பி அனுப்புவதும் அவர் பொறுப்பு. வசதியுள்ள பண்ணையார் நகரத்திலிருந்து ஓர் இளம்பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்துவதுண்டு. ஏனைய வீடுகளில் அந்த ஆசிரியர் பெரும்பாலும் தாயே. விண்ணப்பத்திலே பிள்ளையின் பெயர் எழுதப்படுகின்றது. உண்மையிலே சேர்க்கப்படுகின்றவர் இருவர்.

அத்தாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்றவர் அல்லர். மூத்தவன் ஐந்தாம் வகுப்பிலே பின்னக் கணக்கோடு மல்லாடுவான். அடுத்தவள் அப்பொழுதுதான் எழுத்துக் கூட்டுவாள். கைக்குழந்தை காலடியில் தவழும். மாடு திரட்டும் காலமாயின் வேலையாட்களுக்கும் சமைத்தாக வேண்டும். இத்தனைக்கும் நடுவிலே 'அம்மா' என்ற நிலையிலிருந்து 'ஆசிரியை' என்ற நிலைக்கு மாறி, மாலையிலே மறுபடியும் அம்மாவாதல் வேண்டும். தன் பிள்ளைக்குத் தானே பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்கள் அதன் கஷ்டத்தை உணர்வர். பிறர் பிள்ளையிடம் காட்டும் பொறுமை சொந்தப் பிள்ளையிடம் வருவதில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளிலே கொரோனாவினால் நம் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், ஒரே கைத்தொலைபேசியைப் பிள்ளைகளுக்கு மாறிமாறிக் கொடுத்து அருகில் அமர்ந்திருந்த தாய்மார் இதனை மறந்திரார். நமக்கு அது இடையில் வந்த இடர். அவர்களுக்கோ ஆண்டுக்கணக்கான கடமை.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. 1971ஆம் ஆண்டிலே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துப் போர்க் என்னும் ஊரில் இத்தகைய பெற்றோர் கூடி, தனித்து வாழும் பிள்ளைகளின் பெற்றோர் சங்கம் ஒன்றை நிறுவினர். 1973இலே கூட்டாட்சி அரசாங்கம் இப்பிள்ளைகளுக்கான உதவித் திட்டத்தை ஆரம்பித்தது. அரசினர் பாடசாலை வீட்டிலிருந்து குறைந்தது 56 கிலோமீற்றர் அப்பாலிருத்தல் அதன் நிபந்தனைகளில் ஒன்று. ஆனால் அப்பணம் பிள்ளையின் கல்விச் செலவுக்கானது. கற்பிக்கும் தாயின் உழைப்புக்கானதன்று. அவ்வுழைப்புக்கும் ஒரு படி வேண்டுமென்று அச்சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றது.

தன் பிள்ளைக்குக் கற்பிப்பதற்குக் கூலியா என்று சிலர் கேட்கலாம். பட்டினத்திலே அதே வேலையைச் செய்பவருக்கு அரசாங்கம் சம்பளமும் இளைப்பாற்றுச் சம்பளமும் கொடுக்கின்றதே! அத்தாய் வகுப்பறையை விட்டு நகர்ந்தால், செய்மதியும் திரையும் எவ்வளவு சிறந்தவையாயினும் ஆறு வயதுப் பிள்ளை நாற்காலியில் அமர்ந்திராது. என் எண்ணத்தில் அவர்கள் கோரிக்கை நியாயமானதே.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஆண்டிலே சில தடவை பிள்ளைகளும் வீட்டு ஆசிரியர்களும் நெடுந்தூரம் பயணஞ் செய்து அலிஸ் ஸ்பிரிங்ஸிலே ஒரு வாரம் கூடுகின்றனர். வானொலிக் காலத்திலே முகத்தை அறியாத பிள்ளைகள், குரலைக் கேட்டதும் ஒருவரையொருவர் கண்டுகொள்வார்களாம். பிள்ளைகள் கூடி விளையாடுவதைப் போலவே, தாய்மார் கூடித் தங்கள் தொல்லைகளைப் பேசிக்கொள்வதும் அவ்வாரத்தின் பெரும் பயன். ஆசிரியர்களும் தம் பங்குக்குப் பண்ணைகளைத் தேடிச் சென்று மாணாக்கரை வீட்டிலே சந்திக்கின்றனர்.

ஒன்பதாம் வகுப்போடு இப்பாடசாலை முடிகின்றது. அதற்கு முன்னரே, பன்னிரண்டு பதின்மூன்று வயதிலே, பிள்ளையை நகரத்து விடுதிப் பாடசாலைக்கு அனுப்பிவிடும் குடும்பங்களும் பல. மூத்த பிள்ளையின் நாற்காலி வெறுமையாகும் ஆண்டிலே கடைக்குட்டிக்குப் பாடசாலை வயது வந்துவிட்டால், தாய் மறுபடியும் விண்ணப்பப் பத்திரத்தை எடுத்துப் பெயர் எழுதத் தொடங்குகின்றாள்.