உருளைக்கிழங்குக்குள் ஒரு கீரை விதை

முனிர்கா கிராமத்துச் சந்துகளில் மாலை மங்கியதும் காய்கறித் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் சேரும். வேலை முடிந்து அறைக்குத் திரும்புகிறவர் முதலில் கை வைப்பது உருளைக்கிழங்கின் மேல்தான். விலை கட்டுப்படியாகும், சில நாட்களுக்குக் கெடாது, சப்பாத்திக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். ஆனால் வயிறு நிறைகிற அளவுக்கு அதில் புரதம் இல்லை. நூறு கிராம் கிழங்கில் சுமார் 2 கிராம்தான் தேறும்.

இந்தக் குறையை விதையிலேயே தீர்க்க முடியுமா என்று பாடுபட்ட விஞ்ஞானி ஒருவரின் ஆராய்ச்சிக்கூடம், முனிர்காவை ஒட்டிய ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது. அவர் டாக்டர் ஆசிஷ் தத்தா. வங்காளத்தவர். கல்கத்தாவின் போஸ் நிலையத்தில் டாக்டர் பட்டம் பெற்று, எழுபதுகளில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். 1980-ல் பட்நாகர் பரிசு பெற்றார். 1996 முதல் 2002 வரை அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1999-ல் பத்மஸ்ரீ, 2008-ல் பத்மபூஷண் விருதுகள் அவரைத் தேடி வந்தன.

ராம்தானாவின் ரகசியம்

வடக்கே விரத நாட்களில் ராம்தானா லட்டு சாப்பிடுவார்கள். கடுகைவிடச் சிறிய, வெளிறிய அந்த விதை நமக்கு அந்நியமானதல்ல. ஊரில் நாம் மசித்து உண்ணும் தண்டுக்கீரை, முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் அதற்கு நெருங்கிய உறவு.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் 20 வகை மணிகளைக் கோத்த மாலை. அவற்றில் சிலவற்றை நம் உடலால் செய்துகொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்னும் மணி குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியும், அரிசியும் பயறும் சேர்ந்த பொங்கலும், ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும் உணவுகளே.

ராம்தானா விதையிலோ இந்த மணிகள் எல்லாமே நல்ல விகிதத்தில் அமைந்த ஒரு புரதம் இருக்கிறது. அதற்குரிய மரபணுவைத் தத்தாவின் குழு பிரித்தெடுத்து 1992-ல் வெளியிட்டது. ‘ஏ.எம்.ஏ.1’ என்பது அதற்கு இட்ட பெயர்.

மூலக்கோப்பும் நகலும்

ஒரு செடியின் மரபணு இன்னொரு செடியில் எப்படி வேலை செய்யும்? அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மரபணு என்பது ரிக்கார்டு அறையில் பூட்டி வைத்த மூலக்கோப்பு. அது வெளியே வராது, நகல்தான் வரும். அந்த நகலை ரைபோசோம் என்னும் நுண்ணிய பட்டறை மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மணியாகக் கோத்துப் புரதமாலையைச் செய்து முடிக்கிறது. கீரை, கிழங்கு, மனிதன் என்று எல்லா உயிர்களிலும் எழுத்து ஒன்றே. ஆகவே கீரை எழுதிய உத்தரவை உருளைக்கிழங்கு தயங்காமல் நிறைவேற்றும்.

இந்தப் பட்டறையின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்தமைக்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பிழைப்புக்காகப் பெற்றோர் வெளிமாநிலம் போக, பரோடாவில் வளர்ந்து படித்த தமிழர் அவர்.

கூடியதும் கூடாததும்

தத்தாவும், நிரஞ்சன் சக்ரவர்த்தி, சுப்ரா சக்ரவர்த்தி ஆகிய சக விஞ்ஞானிகளும் அந்த மரபணுவை உருளைக்கிழங்கில் சேர்த்த செய்தி 2000-ல் வெளியாயிற்று. 2010-ல் ஏழு ரகங்களில் செய்து பார்த்த முடிவுகள் வந்தன. புரதம் 60 சதவீதம் வரை கூடியிருந்தது. பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் தீங்கு தென்படவில்லை.

இதற்கிடையே 2003-ல், இந்தக் கிழங்கைப் பள்ளி மதிய உணவில் சேர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தது. காமராஜர் காலத்து மதிய உணவையும், எம்.ஜி.ஆர். 1982-ல் தொடங்கிய சத்துணவையும் கண்ட தமிழருக்கு அதன் முக்கியத்துவத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. இரண்டு கிராமில் 60 சதவீதம் கூடினாலும் மூன்று கிராமைச் சற்றுத்தான் தாண்டும்; நூறு கிராம் பருப்பிலோ 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது; குழந்தைகளுக்குப் பருப்பைக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பருப்பு விலை ஏறும்போது தட்டில் குழம்பு நீர்த்துப்போவதும், உருளைக்கிழங்கு மட்டும் மிஞ்சுவதும் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் தொழிலாளிக்குத் தெரியாததல்ல. தினமும் தின்பதையே சற்றுச் சத்தாக்கித் தருவதில் என்ன தவறு என்ற மறுகேள்வியையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இந்தியாவில் 2002-ல் மரபணு மாற்றிய பருத்திக்கு அனுமதி கிடைத்தது. கத்தரிக்காய்க்கு 2010-ல் தடை வந்தது. தத்தாவின் உருளைக்கிழங்கும் ஆராய்ச்சி வயலைத் தாண்டிச் சந்தைக்கு வரவில்லை.

தக்காளியின் வம்ச வரலாறு

ஆயினும் அந்த உழைப்பு அத்துடன் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகத்தின் அருகே, அருணா ஆசஃப் அலி சாலையில் இருக்கும் தேசியத் தாவர மரபுத்தொகுதி ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் தத்தாதான். தக்காளி பழுக்கும்போது அதை இளகச் செய்யும் இரு நொதிகளை அடக்கி, பழம் சுமார் ஒரு மாதம் கூடுதலாகக் கெடாமல் இருக்கும்படி அங்கே 2010-ல் செய்து காட்டினார்கள்.

உலக விஞ்ஞானிகள் கூடித் தக்காளியின் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து 2012-ல் வெளியிட்டபோது, 12 குரோமோசோம்களில் ஐந்தாவதைப் படிக்கும் பொறுப்பு இந்தியாவுடையது. அதில் இந்த நிலையத்துக்கும் பங்குண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காளி, உருளைக்கிழங்கு இவற்றின் மூதாதைச் செடியில் மரபுத்தொகுதி முழுவதுமே மும்மடங்காகிவிட்டது என்பது அதில் தெரியவந்த செய்தி. ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, உபரிப் பிரதிகள் சில புது வேலை கற்றுக்கொண்டன. தக்காளி சிவந்து, சதைப்பற்றோடு கனிவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. 2013-ல் நாட்டுக் கொண்டைக்கடலையின் மரபுத்தொகுதியையும் இந்த நிலையம் வெளியிட்டது. சுண்டலுக்கும் பருப்புக்கும் ஆகும் பயிர் அது.

சத்தான உருளைக்கிழங்கு முனிர்காவின் தள்ளுவண்டிக்கு இன்னும் வரவில்லை. ஆனால் அந்த மரபணு பிறந்த விதை மளிகைக் கடையில் கிடைக்கிறது. அதன் உறவான கீரை அதே வண்டியில், உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்திலேயே, கட்டுக்கட்டாக இருக்கிறது.